வரதன் அனுப்பிய ஏழு வரிகள்

1

சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு புதிய கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. அட்டைப் பெட்டியைப் பிரித்து விசைப்பலகையை வெளியே எடுத்தபோது, L என்ற விசைக்கு வலப்பக்கத்தில் ñ என்ற எழுத்து தனக்கென ஒரு விசையோடு அமர்ந்திருப்பதைக் கண்டேன். தலையில் வளைகோடு தாங்கிய அந்த எழுத்து இல்லாமல் ஸ்பானிய மொழியில் ஒரு பக்கக் கடிதத்தை முடிப்பது அரிது. மூன்று ஆண்டுகளாக அதை வரவழைக்க நான் ஓர் எண்ணைத் தட்டி வந்தேன். இனி ஒரு விரல் போதும். அலுவலகத்தில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். நான் எழுந்து சென்று முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வெளிநாட்டிலிருந்து இப்பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பனியைப் பற்றி எழுதுவார்கள். இட்லி மாவு புளிக்காத துயரத்தைப் பற்றி எழுதுவார்கள். நான் இருக்கும் லாஸ் பால்மாஸ், ஆப்பிரிக்கக் கரையோரம் கிடக்கும் ஸ்பானியத் தீவு ஒன்றின் துறைமுக நகரம். இங்கே பனி பெய்வதில்லை. மாவு நன்றாகவே புளிக்கிறது. ஆகவே எனக்கு எழுதக் கிடைத்திருப்பது ஒரு விசைப்பலகையும், அதை வைத்து நான் செய்த ஒரு காரியமும் மட்டுமே.

2

எழுபதுகளின் நடுவில் திருச்சியில் நான் படித்த கல்லூரியின் சொற்போர் மன்றத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. தலைப்பைப் பத்து நாள் முன்பே அறிவித்துவிடுவார்கள். எந்தத் தரப்பில் பேசவேண்டும் என்பதை மட்டும் மேடை ஏறுவதற்கு முன் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். ஆகவே ஒவ்வொருவரும் இரண்டு பக்கத்துக்கும் ஆயத்தமாக வரவேண்டும். மதுவிலக்கு வேண்டும் என்றும் பேசுவேன், வேண்டாம் என்றும் பேசுவேன். இரண்டுக்கும் கைதட்டல் வாங்குவேன். என் சொந்தக் கருத்து யாது என்று எவரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

எனக்கு நிகரான எதிரி ஒருவனே. அவன் ஸ்ரீரங்கத்து வரதன். உத்தர வீதியிலிருந்து சைக்கிளில் வருவான். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், சட்டைப் பையில் கணக்குப் போட்ட காகிதங்கள். அவன் வாதத்தில் அணியழகு இராது, ஓட்டையும் இராது. ஒருமுறை நான் வென்று கோப்பையோடு பஸ்ஸுக்கு நின்றபோது சைக்கிளை நிறுத்திக் கேட்டான்.

"சவரி, மேடைல பேசினியே, அதை நீ நம்பறியாடா?"

"நம்பறதுக்கும் கோப்பைக்கும் என்னடா சம்பந்தம்?"

"இல்ல, ரெண்டு பக்கமும் தயார் பண்ணினப்ப உனக்கு எது சரின்னு பட்டுதுன்னு கேட்டேன்."

"எந்தச் சீட்டு வந்துதோ அது."

அவன் சிரித்தான். "உன்கிட்ட வழக்குக் கொண்டு வரவன் பாவம்டா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

நீண்ட உரைகளை நினைவில் நிறுத்த எனக்கொரு முறை இருந்தது. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் வழியில் உரையைப் பகுதி பகுதியாக இறக்கிவைப்பேன். முன்னுரை சத்திரத்தில், முதல் வாதம் காவிரிப் பாலத்தில், இரண்டாவது மாம்பழச் சாலையில், மூன்றாவது அம்மா மண்டபத்தில், முடிவுரை கோபுர வாசலில். மேடையில் கண்ணை மூடி அவ்வழியே மனத்தால் பயணம் செய்தால் ஒரு சொல்லும் தப்பாது.

அதே ஆண்டுகளில் நாங்கள் இருவரும் தெப்பக்குளத்தருகே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தோம். வரதன் ஆங்கிலத்தோடு நின்றான். நான் அரசுப் பணித் தேர்வை எண்ணித் தமிழ் லோயரும் ஹையரும் தேறினேன். தமிழ்த் தட்டச்சு அறியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். மெய்யெழுத்தை அடிக்கும்போது புள்ளியைத்தான் முதலில் அடிக்கவேண்டும். அப்போது காகிதம் நகராது. பிறகு எழுத்தை அடித்தால் அது புள்ளிக்கு நேர் கீழே வந்து விழும். எழுதும்போது கடைசியில் வைப்பதை அடிக்கும்போது முதலில் வைக்கப் பழகுவதற்கு மூன்று மாதம் ஆகும். பழகியபின் மறக்கவே மறக்காது.

3

அரசுப் பணி வரவில்லை. அதற்குப் பதிலாக, இத்தீவில் கடை வைத்திருந்த வட இந்திய வணிகர் ஒருவருக்கு ஆங்கிலக் கடிதம் எழுத ஆள் வேண்டும் என்ற செய்தி வந்தது. வந்தேன். இரண்டு ஆண்டுகளில் ஸ்பானியம் கற்றேன். பிறகு கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி அனுப்பும் இப்போதைய அலுவலகத்தில் சேர்ந்தேன்.

இங்கே தட்டச்சு மேசைகள் இரண்டு. ஒன்றில் பிலார் என்னும் ஐம்பது வயதுப் பெண்மணி இருபது ஆண்டுகளாக அமர்ந்திருந்தார். மூத்த பெண்களின் பெயருக்கு முன்னால் 'தோன்யா' என்றும் ஆண்களின் பெயருக்கு முன்னால் 'தொன்' என்றும் மரியாதை சேர்ப்பது இவ்வூர் வழக்கம். நான் சேர்ந்த முதல் நாள் என்னை ஒரு ஸ்பானியத் தட்டச்சுப் பொறியின் முன் அமர்த்தினார்கள். á, é, ó என்று உயிரெழுத்துகளின் தலையில் வரும் சாய்கோட்டை அதில் முதலில் அடிக்கவேண்டும், காகிதம் நகராது, பிறகு எழுத்து. புதியவர்கள் இவ்விடத்தில் தடுமாறுவார்களாம். என் விரல்கள் தடுமாறவில்லை. அவை புள்ளி வைத்துப் பழகியவை.

தோன்யா பிலார் தம் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். "ஹாவியர், உங்க ஊர்ல ஸ்பானிஷ் பேசறாங்களா என்ன?" என்று கேட்டார். சவரிமுத்து என்ற என் பெயரை, அதே புனிதரின் ஸ்பானியப் பெயரால், அவர்தான் முதல் நாளே ஹாவியர் ஆக்கினார்.

"இல்லம்மா. எங்க மொழியிலயும் எழுத்துக்குத் தலையில வைக்கிற ஒரு சமாச்சாரம் இருக்கு."

"அப்ப உங்க மொழி நல்ல மொழிதான்," என்றார்.

அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் சொல்லில் அடங்காது. என் கடிதங்களில் இருந்த பிழைகளை இரண்டு ஆண்டுகள் மேலாளர் அறியாமல் பென்சிலால் திருத்திக் கொடுத்தார். என் மகள் அமலா காய்ச்சலில் கிடந்தபோது கோழி ரசம் வைத்துத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்தார். அமலா இன்று என் மனைவி ஸ்டெல்லாவிடம் ஸ்பானியத்தில்தான் கோபித்துக்கொள்கிறாள். நான் திருத்தமான தமிழில் கண்டித்தால் உடைந்த தமிழில், "அப்பா, இங்க மைக் இல்ல," என்கிறாள். அந்தக் குழந்தை ஸ்பானியத்தில் முதல் பாட்டுப் பாடியது பிலாரின் மடியில் அமர்ந்துதான்.

பிறகு கம்ப்யூட்டர்கள் வந்தன. அமெரிக்கச் சரக்கு, விசைப்பலகையும் அமெரிக்காவினுடையது. சாய்கோடு கிடையாது, ñ கிடையாது, கேள்வியின் தொடக்கத்தில் ஸ்பானியர் தலைகீழாக வைக்கும் ¿ என்ற குறியும் கிடையாது. அவற்றுக்கு ஆல்ட் என்னும் விசையை இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் மூன்று இலக்க எண் ஒன்றைத் தட்டவேண்டும். கையை எடுத்தால் எழுத்து வரும். á என்பது 160, í 161, ó 162, ú 163, ñ 164. é மட்டும் உறவோடு ஒட்டாமல் தனிக்குடித்தனமாக 130. தலைகீழ்க் கேள்விக்குறி 168.

சத்திரம், காவிரிப் பாலம், மாம்பழச் சாலை, அம்மா மண்டபம், ஸ்ரீரங்கம் என்று 160 முதல் 164 வரை ஐந்தையும் வரிசையாக இறக்கிவைத்தேன். é-ஐத் துறையூருக்கும் அப்பால் உப்பிலியபுரத்தில் விட்டேன். ஒரே வாரத்தில் எண்கள் என் விரல்களுக்கு ஏறிவிட்டன. பிலாருக்கு ஏறவில்லை. எண்களை அட்டையில் எழுதி ஒட்டிக்கொண்டார். ஆனால் பார்க்காமல் அடித்தே பழகிய கை, ஒவ்வொரு சொல்லிலும் நின்று அட்டையைப் பார்த்தால் என்ன ஆகும்? ஓர் எண் பிசகினால் வேறோர் எழுத்து வந்து உட்காரும். துறைமுகங்களின் பெயர்கள் உருமாறிப் போயின. ஒரு மணி நேரத்தில் எட்டுக் கடிதம் அடித்தவர் இரண்டு அடித்தார்.

நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். நாள்தோறும் மதிய உணவுக்குப் பின் அரை மணி நேரம் அருகில் அமர்ந்து கற்பித்தேன். என் பொறுமையை அலுவலகமே பாராட்டியது.

4

எண்களை மனப்பாடம் செய்த பெருமையை வரதனுக்கு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தேன். அவன் அப்போது துவாக்குடியில் ஒரு கல்வி நிலையத்தின் கம்ப்யூட்டர் அறையில் உதவியாளன். மாணவர்கள் போனபின் வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓர் இயந்திரம் அவன் கைக்குக் கிடைக்கும். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது.

"சவரி, எண்களை மனப்பாடம் பண்ணினேன் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் மனப்பாடம் பண்ணவேண்டியது நீ இல்லை, மிஷின். இதோடு ஏழு வரி எழுதியிருக்கிறேன். அப்படியே அடித்து ஒரு ஃபைலில் போட்டுவை. காலையில் மிஷினைப் போட்டதும் ஒருதரம் ஓடவிடு. இடது பக்கம் F1, F2 என்று சும்மா இருக்கும் கீயில் முதல் ஏழும் உன் ஏழு எழுத்தைக் கொடுக்கும். நம்பர் வேண்டாம், ஆல்ட் வேண்டாம். கூட வேலை செய்கிற அம்மாள் கஷ்டப்படுகிறாள் என்று எழுதினாயே, அவளுக்கும் கொடு."

அக்கடிதம் வந்த அதே வாரத்தில் எங்கள் மேலாளர் தொன் எமிலியோ அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். ஆண்டு முடிவுக்குள் பழைய தட்டச்சுப் பொறிகள் அகற்றப்படும். கம்ப்யூட்டரில் குறித்த வேகத்தில் கடிதம் அடிக்க இயலாதவருக்கு அதன்பின் அவ்வேலையில் இடமில்லை.

தாளில் இருந்தது அவ்வளவே. நான் படித்தது வேறு. மேசைகள் இரண்டு, ஒன்றுக்கு முடிவு, இரு தரப்பு, ஒரு வெற்றி. மேடையில் வளர்ந்தவனுக்கு வேறு எப்படிப் படிக்கத் தெரியும்?

என் அச்சத்துக்கு ஆதாரமும் இருந்தது. அந்நியனாகிய நான் ஆண்டுதோறும் வேலை அனுமதியைப் புதுப்பிக்கவேண்டும். அதற்கான படிவத்தோடு நான்கு வரிசைகளில் நிற்கவேண்டும். தந்தைவழிக் குடும்பப் பெயர் ஒன்று, தாய்வழிக் குடும்பப் பெயர் ஒன்று என்று இரண்டு கேட்பார்கள். எனக்கு இருப்பதோ ஒரு தலைப்பெழுத்து. "ஒரே ஒரு பேர்தானா?" என்று சாளரத்துக்குப் பின்னால் இருக்கும் அலுவலர் ஒவ்வோர் ஆண்டும் இரக்கத்தோடு கேட்பார். அப்படிவத்தின் அடியில் முதலாளி கையொப்பமிடவேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: இப்பணிக்குத் தகுதியுள்ள உள்நாட்டவர் எவரும் கிடைக்கவில்லை.

பிலார் உள்நாட்டவர். ஏழு வரிகளைக் கொடுத்தால் அவர் தகுதியுள்ளவர்.

வீட்டுக்குச் செல்லும் பேருந்தில் என்னுள் ஒரு சொற்போர் நடத்தினேன். கொடுக்கவேண்டும் என்ற தரப்பு முதலில் எழுந்தது. கோழி ரசத்தைச் சொன்னது, பென்சில் திருத்தங்களைச் சொன்னது, நன்றாகவே பேசியது. கொடுக்கவேண்டாம் என்ற தரப்பு பிறகு எழுந்தது. மனைவியைச் சொன்னது, மகளைச் சொன்னது, ஊருக்குத் திரும்பினால் தெருவில் கேட்கப்போகும் கேள்விகளைச் சொன்னது. முடிவில், அவர் சொந்த நாட்டில் இருக்கிறார், அவருக்கு வேறு வேலை கிடைக்கும் என்று முழங்கியது. இரண்டையும் பேசியவன் நான். தீர்ப்பளித்தவனும் நான். சீட்டுக் குலுக்கக்கூட ஆளில்லை.

கடிதத்தை மடித்து அமலாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்த உறையில் வைத்தேன். மறுநாளும் மதிய உணவுக்குப் பின் பிலார் அருகில் அமர்ந்து, "நூற்று அறுபத்து நாலு, தோன்யா. அவசரப்படாதீங்க," என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன்.

5

டிசம்பரில் தொன் எமிலியோ கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து எங்கள் இருவருக்கும் ஒரே கடிதத்தைக் கொடுத்தார். நான் முடித்து எழுந்தபோது பிலார் இரண்டாம் பத்தியில் இருந்தார். அவர் அழவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

"என் தலை கல்லு, மகனே. நீ எவ்வளவோ சொல்லிக் குடுத்த. உன் மேல தப்பில்ல."

இப்போது தீவின் தென்கரையில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறார். எப்போதாவது பேருந்து நிறுத்தத்தில் சந்திப்போம். அமலாவின் உயரத்தைக் கேட்பார். என் வேகம் குறையாமல் இருக்கிறதா என்று கேட்பார்.

அடுத்த கோடையில் விடுமுறைக்குத் திருச்சி வந்தேன். வெற்றி பெற்றவனுக்குரிய சட்டை, காலணி, கைக்கடிகாரம் எல்லாம் அணிந்திருந்தேன். வரதன் துவாக்குடி பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என்னைத் தேடி மேலப்புதூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"வா வரதா, உக்காரு. காப்பி சொல்றேன்."

"காப்பி இருக்கட்டும்டா. என்னாச்சு நம்ம ஏழு வரி? ஒரு கடுதாசிலயும் அதைப் பத்தி எழுதலையே. ஓடித்தா?"

நொடிப்பொழுது இருந்தது. அந்த நொடியில் உண்மை சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மை சொன்னால் பிலாரைச் சொல்லவேண்டும். பிலாரைச் சொன்னால் அவன் என்னை, கோப்பையோடு நின்ற அன்று பார்த்தது போலப் பார்ப்பான்.

"இல்லடா. ஓடல."

"ஓடலையா? எந்த வரில நின்னுது?"

"ஞாபகம் இல்ல. மிஷின் ஏத்துக்கல."

அவன் முகம் நான் எந்த மேடையிலும் காணாத விதமாகச் சுருங்கியது. "அங்க வேற மாதிரி மிஷினா இருக்கும். இல்ல, நான்தான் எங்கயோ விட்டுட்டேன். பாத்து அனுப்பறேன்," என்றான். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

பார்த்து அனுப்பினான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. ஒவ்வொரு கடிதத்திலும் வரிகள் சற்றே மாறியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் "இன்னும் ஓடவில்லை" என்று பதில் எழுதினேன். ஒரு பொய்யை நிலைநிறுத்த மூன்று அஞ்சல்தலைகள். நான்காவது கடிதத்தில் வரிகள் இல்லை.

"சவரி, விட்டுவிட்டேன். இங்கே ப்ரோகிராமர் வேலையை எடுத்துக்கொள்ளச் சொல்லி சார் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏழு வரி எழுதத் தெரியாதவன் அந்த நாற்காலியில் உட்காரக்கூடாது. உனக்கு வீண் சிரமம் கொடுத்ததற்கு மன்னிச்சுக்கோ."

6

புதிய இயந்திரங்கள் வந்த செவ்வாயன்று என் அனுமதிப் படிவமும் கையொப்பத்துக்குக் காத்திருந்தது. ñ தனி விசையில் வந்தபின் எவரும் இவ்வேலையைச் செய்யலாம் என்பது எனக்குத் தெரிந்தது. தொன் எமிலியோவுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். படிவத்தை நீட்டினேன். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே, தாளின் அடியைத் தேடிக் கையொப்பமிட்டார்.

"அந்த வாக்கியத்தைப் படிக்கலையா, ஐயா?" என்று கேட்டேன்.

"எந்த வாக்கியம்?"

விரலால் காட்டினேன். கண்ணாடியை உயர்த்திப் படித்தார். "இத்தனை வருஷமா இது இங்கயா இருந்தது?" என்று சிரித்தார்.

"உள்நாட்டவர் யாராவது இந்த வேலையைச் செஞ்சா என்னை அனுப்பிடுவீங்களோன்னு ஒரு பயம்."

"உன்னையா? இங்கிலீஷ் கடிதாசியெல்லாம் யார் எழுதுவா, என் மாமியாரா? ரெண்டு மேசைக்கும் வேலை இருந்தது, ஹாவியர். இப்பவும் இருக்கு. பிலாருக்கு அந்த நம்பர் மட்டும் வந்திருந்தா ரெண்டு பேருமே இருந்திருப்பீங்க."

நான் வென்ற சொற்போரில் எதிர்த்தரப்பே இருந்ததில்லை. தலைப்பும் என்னுடையது, மணியும் என்னுடையது, தோற்றவர் மட்டும் உண்மையானவர்.

பழைய கம்ப்யூட்டர்களை மறுநாள் காலை எடுத்துச் செல்வதாக இருந்தது. எல்லோரும் உணவுக்குச் சென்றபின் பிலாரின் மேசைக்கு முன் அமர்ந்தேன். அனுமதிப் படிவத்துக்காகக் கொண்டுவந்திருந்த சான்றிதழ் உறையிலிருந்து வரதனின் முதல் கடிதத்தை எடுத்தேன். ஏழு வரிகளையும் அடித்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. ஓடவிட்டேன். இடப்பக்கத்து முதல் விசையைத் தொட்டேன். á வந்தது. அடுத்தது é. அடுத்தது í. ஆறாவது விசையில் ñ, ஏழாவதில் ¿. ஒன்றும் பிசகவில்லை. அவர் இருபது ஆண்டு அமர்ந்த நாற்காலியில் அமர்ந்து, எண் ஒன்றையும் நினைக்காமல், பார்க்காமல், ஒரு முழுக் கடிதம் அடித்தேன்.

வரதன் இப்பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறவன்; முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவன். ஆகவே அவனுக்கு இங்கேயே சொல்கிறேன். வரதா, உன் முதல் கடிதத்தின் ஏழு வரிகளும் சரி. கடந்த செவ்வாய் வரை நான் அவற்றை எந்த இயந்திரத்திலும் அடிக்கவே இல்லை. "ஓடவில்லை" என்று நான் மேலப்புதூரில் சொன்னது பொய். பிறகு எழுதிய மூன்றும் பொய். அந்த நாற்காலி உன்னுடையது. அது இன்னும் காலியாக இருந்தால் போய் உட்கார். இல்லையென்றால், நீ என்னிடம் கேட்கவேண்டியதை எந்தச் சொல்லில் வேண்டுமானாலும் கேள். இம்முறை நான் எதிர்த்துப் பேசமாட்டேன்.

இவ்வளவும் எழுதி ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள்.

"வரதன் அண்ணனுக்குச் சொல்லிட்டீங்க. பிலார் அம்மாவுக்கு?"

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதே."

"உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமே."

தாளை என் மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.  பிலாரின் வீடு இங்கிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம். இன்று ஞாயிறு, விடுதியில் அவருக்கு விடுப்பு, வீட்டில்தான் இருப்பார். நான் காலையிலிருந்து இக்கட்டுரையின் வாக்கியங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.